விடிகாலை நான்கு மணிக் குரல்

1976ஆம் ஆண்டு மகாளய அமாவாசை. நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்தது. கல்கத்தாவில் விடிகாலை நான்கு மணிக்கு, ஆண்டுதோறும் செய்வதைப் போலவே, வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வேளையில் கேட்டுவந்த குரல் அன்று வரவில்லை. வேறொரு குரல் வந்தது. அதுவும் ஊரறிந்த குரல்தான். வங்காளத் திரையுலகம் 'மகாநாயகன்' என்று கொண்டாடிய உத்தம் குமாரின் குரல். இசை ஹேமந்த முகர்ஜி. புதிய நிகழ்ச்சிக்கு 'தேவீம் துர்கதிஹாரிணீம்' என்று பெயர்.

ஊர் கொதித்தெழுந்தது. வானொலி நிலையத்தின் முன் ஜனங்கள் திரண்டார்கள். தொலைபேசி ஓயாமல் அடித்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அரசை எதிர்த்து வாய் திறக்க அஞ்சிய அந்த நாட்களில், ஒரு குரலை மாற்றிவிட்டார்கள் என்பதற்காகக் கல்கத்தா வாய்விட்டுச் சண்டை போட்டது. கடைசியில் வானொலி இறங்கிவந்தது. அதே நவராத்திரியில் சஷ்டி அன்று பழைய நிகழ்ச்சியைத் திரும்ப ஒலிபரப்பினார்கள். அதற்குப் பிறகு மகாளய விடியலில் அந்தக் குரலை யாரும் அசைக்கத் துணியவில்லை. 2019இல் சௌமிக் சென் இயக்கத்தில் 'மகாலயா' என்று இதை ஒரு திரைப்படமாகவே எடுத்தார்கள்.

மாற்றப்பட்ட குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ராவுடையது. 1905இல் பிறந்தவர், 1991இல் காலமானார். உத்தம் குமாரின் வாசிப்பில் உச்சரிப்புப் பிழை ஏதும் இல்லை. குரலில் இனிமைக்கும் குறைவில்லை. சொல்லப்பட்டதும் அதே அன்னையின் கதை. அப்படியிருந்தும் ஒரு நகரம் முழுவதும் 'இது அது இல்லை' என்று முதல் சில நிமிடங்களிலேயே கண்டுகொண்டது. மனிதக் குரல் சொல்லைத் தாண்டி எதைச் சுமந்து வருகிறது என்று ஆய்வுக்கூடங்களில் பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல்கத்தா அந்தக் கேள்வியை ஒரே காலையில், லட்சக்கணக்கானவர்களை வைத்து, தன்னையறியாமல் சோதித்துப் பார்த்துவிட்டது.

புரியாமல் வாசித்தவர்கள்

பழைய நிகழ்ச்சியின் பெயர் 'மகிஷாசுரமர்த்தினி'. தலைப்பைக் கேட்டதும் நமக்கு 'அயிகிரி நந்தினி' தோத்திரம் நினைவுக்கு வரும். ஆனால் இந்த நிகழ்ச்சி ஒன்றரை மணி நேர வானொலிப் படைப்பு. எழுதியவர் வாணிகுமார், இசையமைத்தவர் பங்கஜ் மல்லிக், வாசித்தவர் பத்ரா. கல்கத்தா வானொலி நிலையம் 1927 ஆகஸ்டில், கார்ஸ்டின் பிளேஸ் என்ற சிறு தெருவின் முதல் எண் கட்டடத்தில் தொடங்கியது. அங்கிருந்துதான் முப்பதுகளின் தொடக்கத்தில் இந்த நிகழ்ச்சியும் பிறந்தது. நிலையம் 1958இல் ஈடன் தோட்டத்தருகே உள்ள ஆகாசவாணி பவனுக்கு இடம் மாறியது. நிகழ்ச்சியும் கூடவே போனது.

ஒலிப்பதிவு வசதி பெருகாத காலம் என்பதால் பல ஆண்டுகள் அதை நேரலையாகவே நடத்தினார்கள். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இரவிலேயே நிலையத்துக்கு வந்துவிடுவார்கள். குளித்து, பட்டு உடுத்தி, பூசைக்கு உட்காருவதைப் போல ஒலிவாங்கியின் முன் உட்காருவார்களாம். பத்ரா பிராமணர் அல்லர். சண்டி பாராயணத்தை அவர் செய்யலாமா என்று அன்றே முணுமுணுப்பு எழுந்தது. வாணிகுமார் பிடிவாதமாக நின்றதால்தான் அந்தக் குரல் நமக்குக் கிடைத்தது. வாத்தியக் குழுவில் சாரங்கி வாசித்த முன்ஷியும் ஹார்மோனியம் வாசித்த குஷி முகமதும் முஸ்லிம்கள்.

வானொலி வட்டாரத்தில் அவர்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பத்ரா வங்காள உரைநடையைச் சாதாரணமாகப் பேசிக்கொண்டு போக வேண்டும், சமஸ்கிருதச் சுலோகம் வரும்போதுதான் வாத்தியங்கள் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. உருது பேசும் அந்தக் கலைஞர்களுக்கு வங்காளம் எங்கே முடிகிறது, சமஸ்கிருதம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. குரலின் போக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, உரைநடைக்கும் சேர்த்து வாசித்துவிட்டார்களாம். பத்ரா நிறுத்தவில்லை. வாத்தியத்தின் சுருதிக்குத் தன் பேச்சைச் சற்றே உயர்த்திக்கொண்டு அதன்மேல் மிதந்து போனார். பேச்சும் பாட்டும் அல்லாத அந்த நடை அப்படித்தான் வந்தது என்பார்கள். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சொல் புரியாதவர்கள் குரலைத் தவறாமல் கேட்டதால் விளைந்த கலை அது.

பதிவை இன்று யாரும் கேட்கலாம். வங்காளம் தெரியாதவர்களைக் கேட்கச் சொல்வேன். தெரிந்தால் கவனம் பொருளின் பின்னால் ஓடிவிடும். சங்கொலிக்கும் துதிக்கும் பின்னால் பத்ராவின் குரல் தாழ்ந்த சுருதியில், அவசரமின்றித் தொடங்குகிறது. சரத்கால விடியலை வருணிக்கும் பகுதி அது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூச்சு மீதியிருக்கிறது. அசுரர்களின் கொடுமையும் தேவர்களின் தேஜஸிலிருந்து தேவி உருவெடுப்பதும் வரும்போது மூச்சு குறுகுகிறது, சுருதி ஏறுகிறது, சொற்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. போர் முடிந்து, தேவி மாகாத்மியத்தில் தேவர்கள் செய்யும் துதிக்கு வரும்போது அந்தக் குரல் உடைகிறது. அழுகிறார். எழுத்துகள் நடுங்குகின்றன, ஒரு சொல்லின் பாதியில் ஓசை இல்லாமல் காற்று மட்டும் வருகிறது, உடனே குரல் திரும்பி வந்து அடுத்த சொல்லைப் பற்றிக்கொள்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்துக்காகவே காத்திருக்கும் வீடுகள் வங்காளத்தில் உண்டு.

இந்தக் குரல் துக்கத்தையும் முன்பே சுமந்திருந்தது. 1941 ஆகஸ்ட் 7 அன்று ரவீந்திரநாத் தாகூர் காலமானபோது, இறுதி ஊர்வலத்தையும் நிம்தலா சுடுகாட்டையும் வானொலியில் வருணித்தவர் இதே பத்ராதான்.

மார்பைச் சுற்றி வரும் நரம்பு

குரல் ஏன் உடைகிறது? உடலுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

தொண்டையில் குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள். நுரையீரலிலிருந்து ஏறிவரும் காற்று அவற்றை அதிரச் செய்கிறது. வளர்ந்த ஆணிடம் நொடிக்குச் சுமார் 120 முறை, பெண்ணிடம் 200 முறைக்கு மேல். அந்த மடிப்புகளை அசைக்கும் சிறு தசைகளுக்கு மூளையிலிருந்து வேகஸ் நரம்பின் கிளைகள் வருகின்றன. அவற்றில் ஒன்று வரும் வழி விசித்திரமானது. இடப்பக்கத்து நரம்பு தொண்டையைக் கடந்து நேரே மார்புக்குள் இறங்குகிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறித்தான் குரல்வளையைத் தொடுகிறது.

அச்சமோ கோபமோ தாக்கும்போது உடல் முழுக்கத் தசைகள் இறுகுகின்றன. குரல் மடிப்புகளும் இறுகுகின்றன, சுருதி ஏறுகிறது. வாய் உலர்கிறது. மூச்சு மேலோட்டமாகிறது. துக்கத்தில் தசைகள் தளர்ந்து, குரல் தாழ்ந்து, பேச்சு மெதுவாகிறது. சிரித்துக்கொண்டே பேசினால் உதடுகள் பின்னுக்கு இழுபட்டு வாய்க்குழல் சற்றுக் குறுகுகிறது. அதனால் ஓசையின் நிறம் மாறுகிறது. தொலைபேசியில் எதிர்முனைக்காரர் சிரிக்கிறார் என்று பார்க்காமலே நாம் சொல்வது இதை வைத்துத்தான்.

அழுகையின் கணக்கு வேறு. மனிதனுக்குக் குரல் எழுப்ப மூளையில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று பழையது, மற்ற பாலூட்டிகளோடு நாம் பகிர்ந்துகொள்வது. மூளையின் உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து நடுமூளை வழியாகக் கீழே வருகிறது. அலறல், விம்மல், சிரிப்பு எல்லாம் அதன் வழியாக வருகின்றன. மற்றொன்று பிந்தி வளர்ந்தது. புறணியிலிருந்து இறங்கி, பேசவும் பாடவும் மடிப்புகளை நம் விருப்பப்படி ஆட்டுவிக்கிறது. பக்கவாதத்தால் பேச்சு போனவர்கள் சிலர் வாய்விட்டு அழுவதையும் சிரிப்பதையும் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பேசும் பாதை அடைபட்டாலும் பழைய பாதை திறந்தே இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது அழுகை பொங்கினால் இரண்டு பாதைகளும் அதே சின்னத் தசைகளுக்கு ஒரே நேரத்தில் கட்டளையிடுகின்றன. ஒன்று மடிப்புகளைச் சேர்த்துப் பிடி என்கிறது. மற்றொன்று மூச்சுக்காகத் திறந்துவிடு என்கிறது. தொண்டை அடைப்பதும் குரல் கம்முவதும் நடுங்குவதும் அந்த இழுபறிதான். ஒரு தேர்ந்த நடிகரால் அதைப் பெருமளவு வரவழைக்க முடியும். ஆனால் தானாக வரும் உடைப்பு எந்த எழுத்தில் வரும் என்று பேசுகிறவருக்கே தெரியாது. பத்ராவின் பதிவில் அது வரும் இடங்களைக் கவனித்துக் கேட்டால், வாக்கிய அமைப்போடு ஒத்துப்போகாத இடங்களிலும் வருகிறது. நான் அதை நம்புவதற்கு அதுவே காரணம்.

கல்கத்தா பவுபஜாரில் ஒரு தமிழர் ஓசையின் வேறொரு ரகசியத்தைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த சி.வி. ராமன், அலுவலக நேரம் போக மீதி நேரத்தை 210, பவுபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் கழித்தார். ஒளிச்சிதறலுக்கு முன்னால் அவரை ஆட்கொண்டது ஓசைதான். வயலின் தந்தி எப்படி அதிர்கிறது, மற்ற தோல் கருவிகளைப் போல இரைச்சலிடாமல் மிருதங்கமும் தபலாவும் எப்படிச் சுருதியோடு பேசுகின்றன என்று ஆராய்ந்தார். தோலின் நடுவே பூசும் கரணைதான் மேற்சுரங்களை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்று 1920இல் 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் எழுதினார். மனிதக் குரலிலும் அடிச்சுரத்தின்மேல் அந்த மேற்சுர வரிசை ஏறி நிற்கிறது. பழைய தொலைபேசி கம்பி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது. நம் அப்பாவின் குரலுடைய அடிச்சுரம் 120 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தால், அது கம்பியில் வரவே வராது. வந்து சேரும் மேற்சுரங்களைக் கொண்டு மூளை அதைத் திரும்பக் கட்டிக்கொள்கிறது. டிரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில் கல்கத்தாவிலிருந்து கும்பகோணத்துக்குப் போனது சிதைந்த ஓசைதான். அதிலும் 'ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?' என்று மறுமுனை கேட்டுவிட்டது.

ஒன்பது நாடுகள், ஒரு பாலைவனம்

பயிற்சி வகுப்புகளில் ஒரு கணக்கைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: நாம் சொல்வதில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55. இதைச் சொல்கிறவர்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளரின் பெயரையும் சொல்வார்கள். 1967இல் அவர் செய்தவை ஒற்றைச் சொற்களைக் கொண்ட சிறு சோதனைகள். சொல் ஒன்றும் தொனி வேறொன்றுமாக இருக்கையில் கேட்பவர் எதை நம்புவார் என்று பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். குரலின் அருமையைச் சொல்ல இந்தப் பொய்க்கணக்கு தேவையில்லை. அதை விட்டுவிடலாம்.

உண்மையான சோதனைகள் இதைவிடச் சுவையானவை. கிளாஸ் ஷெரர் என்ற ஆய்வாளர் பல மொழிகளின் அசைகளைக் கலந்து, எந்த மொழியிலும் பொருள் தராத வாக்கியங்களை அமைத்தார். ஜெர்மன் நடிகர்கள் அவற்றைக் கோபமாக, துக்கமாக, அச்சமாக, மகிழ்ச்சியாகப் பேசினார்கள். ஒன்பது நாடுகளில் மக்களைக் கேட்கச் செய்தார். 2001இல் வெளியான முடிவு: சராசரியாக 66 சதவீதம் சரியான விடை. குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைப்பதைவிட இது மிகவும் அதிகம். ஆனால் ஜெர்மானியர்களே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். இந்தோனேசியர்கள் கடைசியில் இருந்தார்கள். மொழி தூரப் போகப்போகக் காதும் கொஞ்சம் தடுமாறுகிறது.

2010இல் டிசா சாட்டரும் சகாக்களும் நமீபியாவின் வடக்கே, வெளியுலகத் தொடர்பு குறைந்த கிராமங்களில் வாழும் ஹிம்பா மக்களிடம் போனார்கள். ஆங்கிலேயர் எழுப்பிய ஓசைகளை ஹிம்பாக்களும், ஹிம்பாக்களின் ஓசைகளை ஆங்கிலேயரும் கேட்டார்கள். சொல்லே கிடையாது; அலறல், முனகல், சிரிப்பு போன்றவை மட்டும். கோபம், அச்சம், அருவருப்பு, துக்கம், திகைப்பு எல்லாவற்றையும் இரு பக்கத்தாரும் கண்டுகொண்டார்கள். இன்ப ஓசைகளில் சிரிப்பு மட்டும் எல்லை தாண்டியது. சாதித்த பெருமிதத்தையும் ஆசுவாசத்தையும் காட்டும் ஓசைகள் அவ்வளவு எளிதாகத் தாண்டவில்லை. துன்பத்தின் குரல் பொதுச்சொத்து, இன்பத்தின் குரலில் பாதியாவது ஊர்ச்சொத்து என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியக் குரல்களும் இந்தச் சோதனைகளில் இருக்கின்றன. பெட்ரி லௌக்காவின் குழு ஆஸ்திரேலியா, இந்தியா, கென்யா, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 100 தொழில்முறை நடிகர்களைக் கொண்டு 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஐந்து நாட்டாரும் மற்றவர் குரலில் உணர்ச்சியைக் கண்டறிந்தார்கள். தம் நாட்டார் குரலென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கண்டறிந்தார்கள். அந்தக் 'கொஞ்சம் கூடுதல்' என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1976இல் உத்தம் குமார் தோற்ற இடம் அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

குரலில் உணர்ச்சி வெளிப்படுவதைப் பரதர் 'காகு' என்ற பெயரில் நாட்டிய சாஸ்திரத்தில் விரிவாகவே பேசியிருக்கிறார். மார்பு, தொண்டை, தலை என்று குரலுக்கு மூன்று இடம் வகுத்து, தூரத்தில் இருப்பவரை அழைக்க ஓரிடம், அருகில் இருப்பவருக்கு ஓரிடம் என்று பிரிக்கிறார். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்படும் என்பதே அந்த இயலின் அடிப்படை. குரலும் உடம்புதான்.

செய்தி வாசித்தவரின் தொண்டை

செய்தி வாசிப்பவர் உணர்ச்சி காட்டக் கூடாது என்பது வானொலியின் பழைய விதி. டெல்லியிலிருந்து வந்த சரோஜ் நாராயணஸ்வாமியின் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சமநிலையின் கம்பீரம் தெரியும். கல்கத்தா நிலையத்தில் தேவ்துலால் பந்தோபாத்யாய் 1971இல் அந்த விதியை மீறினார். கிழக்கு பாகிஸ்தானில் கொலைகள் நடந்துகொண்டிருந்தன, சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். இரவுகளில் ஒலிபரப்பான 'சம்பாத் பரிக்ரமா' என்ற செய்திச் சித்திரத்தைப் பிரணவேஷ் சென் எழுத, உபேன் தரஃப்தார் தயாரிக்க, தேவ்துலால் வாசித்தார். எல்லைக்கு அப்பால் கதவை அடைத்து, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே அதைக் கேட்டார்கள். அவருடைய குரலில் ஆவேசம் ஏறும், தழுதழுக்கும். வங்கதேச விடுதலைப் போர் முடிந்த மறு ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி வாசித்ததற்காக.

அதே மாதங்களில் அதே நகரத்தில், பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையின் ஒரு வீட்டிலிருந்து சுதந்திர வங்காள வானொலி இயங்கியது. அங்கே எம்.ஆர். அக்தர் முகுல் தினமும் 'சரம்பத்ர' என்ற உரையை வாசித்தார். டாக்காவின் தெருப்பேச்சு, மூக்கால் இழுக்கும் நையாண்டி, எதிரிப் படையைக் கிண்டலடிக்கும் தொனி. முகாம்களில் கிடந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருவர் அழ வைத்தார், மற்றவர் சிரிக்க வைத்தார், இரண்டு குரலும் ஒரே ஜனங்களைத் தாங்கிப்பிடித்தன. போர்முனைக்குப் போன சில இளைஞர்களுக்கு இந்தக் குரல்கள்தான் முதல் அழைப்பாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நடிப்புக் குரலை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ரித்விக் கட்டக்கின் 'மேகே தாகா தாரா' 1960இல் வந்தது. காசநோயால் செத்துக்கொண்டிருக்கும் நீதா, ஷில்லாங் மலைகளுக்கு நடுவே அண்ணனைப் பார்த்து, தான் வாழ ஆசைப்பட்டதாகக் கத்துகிறாள். சுப்ரியா சௌத்ரியின் குரல் மலைகளில் மோதி மோதித் திரும்புகிறது. கேமரா அவளை விட்டுவிட்டு மலைகளைச் சுற்றி வருகிறது. கட்டக் முகத்தைக் காட்ட மறுக்கிறார், குரலை மட்டும் நம்மிடம் விட்டுச்செல்கிறார். அது நடிப்பு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைக் கேட்டு உடல் சிலிர்க்காதவரை நான் சந்தித்ததில்லை. உத்தம் குமாரும் மிகச் சிறந்த நடிகர்தான். பிறகு ஏன் தோற்றார்?

என் பதில் இது. அவர் ஒரு பிரதியை அழகாக வாசித்தார். கேட்டவர்களோ பிரதியைக் கேட்க எழுந்தவர்கள் அல்லர். அம்மா அரைத்தூக்கத்தில் எழுப்பிவிட்ட பழைய விடிகாலைகள், செத்துப்போன தாத்தா உட்கார்ந்திருந்த நாற்காலி, அன்று கங்கைக் கரையில் தர்ப்பணம் செய்யப் போன அப்பா எல்லாரும் பத்ராவின் குரலுக்குள் குடியேறியிருந்தார்கள். மகாளயம் முன்னோர்களின் நாள். அந்த நாளில் குரலை மாற்றியதால் முன்னோர்கள் வந்து சேரும் வழி அடைபட்டது. உடம்பிலிருந்து வரும் உணர்ச்சியை யார் குரலிலும் கேட்கலாம். ஆண்டுக்கணக்கில் ஒரு சமூகம் ஒரு குரலில் சேர்த்துவைப்பதை இன்னொருவரால் எடுத்துக்கொள்ள முடியாது, அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அன்று தர்ப்பண நாள்தான். அக்கம்பக்கத்து ஜன்னல்களிலிருந்து வரும் அந்த ஒலி இல்லாமல் அவர்களுக்கும் மகாளய அமாவாசை விடிவதில்லை.

ஒப்பாரியும் ஒலிப்பதிவும்

குரல் உடைவதை ஒரு கலையாகவே பழகியவர்கள் நம் ஊர்ப் பெண்கள். கிரெக் அர்பன் என்ற மானிடவியலாளர் பிரேசில் பழங்குடிகளின் சடங்கு அழுகையை ஆராய்ந்து 1988இல் எழுதினார். அழுகையின் அடையாளங்களாக அவர் காட்டியவை: நடுவில் அறுந்துபோகும் குரல், ஓசையோடு உள்ளிழுக்கும் மூச்சு, கரகரப்பு, திடீரென்று உச்சிக்குத் தாவும் சுருதி. எந்த ஒப்பாரியையும் கேளுங்கள். நான்கும் இருக்கும். அடியின் முடிவில் நீளும் இழுப்பு, அதன் வாலில் ஒரு விம்மல், மூச்சை உறிஞ்சிக்கொண்டு அடுத்த அடி. இசபெல் கிளார்க்-தெசே தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒப்பாரி பாடும் பெண்களிடம் பேசி 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை, ஒவ்வொருத்தியும் தன் துயரத்தையே அழுகிறாள் என்ற கருத்தை நூலின் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். அந்த அழுகை நடிப்பா, நிஜமா என்ற கேள்வி அங்கே பொருளற்றுப் போகிறது. பழகிய வடிவத்துக்குள் சொந்தத் துக்கம் வந்து உட்காருகிறது. பத்ராவின் துதியிலும் இதுதான் நடந்திருக்கிறது.

பேச்சை எழுத்தாக்கிக்கொண்டே போகும் காலம் இது. விஸ்கான்சினில் லெஸ்லி செல்ட்சரும் சகாக்களும் சிறுமிகளை அந்நியர்கள் முன் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலரை அம்மாவிடம் நேரில் விட்டார்கள், சிலரைத் தொலைபேசியில் பேசவிட்டார்கள். நேரில் அணைத்துக்கொண்ட பிள்ளைகளைப் போலவே, குரலை மட்டும் கேட்ட பிள்ளைகளின் உடலிலும் பதற்றத்தின் ஹார்மோன் தணிந்தது, பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் ஏறியது. 2012இல் அவர்கள் இன்னொரு பிரிவையும் சேர்த்துச் சோதித்தார்கள். அம்மாவிடமிருந்து ஆறுதலான செய்தியைத் தட்டச்சில் மட்டும் பெற்ற சிறுமிகளின் உடலில் அந்த மாற்றம் ஏற்படவில்லை. அம்மாவோடு எந்தத் தொடர்பும் கிடைக்காத பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் 'சாப்ட்டியா' என்று எழுதுவதோடு நிறுத்தாமல் ஒரு நிமிடம் பேசிவிட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. மகிஷாசுரமர்த்தினி இன்று நம்மிடம் இருப்பது, அதைப் பதிவு செய்து வைத்த புண்ணியவான்களால். நேரலையாகப் போன முப்பதுகளின் விடிகாலைகள் காற்றோடு கரைந்துவிட்டன. நம் ஒப்பாரிகளின் நிலை அதைவிட மோசம். நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொடங்கிப் பல தொகுப்புகளில் அவை அச்சாகியிருக்கின்றன. அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அச்சில் சொல் மட்டும்தான் வந்தது. விம்மல் வரவில்லை, மூச்சு வரவில்லை, அடி உடையும் இடம் வரவில்லை. பாடத் தெரிந்த பெண்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது. இழவு வீட்டில் பதிவு செய்யப் போவது மரியாதையாகாது. மதிய நேரம் திண்ணையில் உட்கார்ந்து, 'ஆத்தா, ஒங்கம்மாவுக்கு நீ பாடுனத எனக்கொரு தரம் பாடேன்' என்று பேரப்பிள்ளைகள் கேட்கலாம். ஊர், தேதி, பாடியவரின் பெயர், யாருக்காகப் பாடியது என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். நடுவில் அழுதால் நிறுத்தச் சொல்லாதீர்கள். கோப்பைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள், அவர் சம்மதித்தால் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கு ஒரு படி கொடுங்கள். இந்த மழைக்காலத்துக்குள் தொடங்கிவிடுங்கள்.